ஹாரி பாட்டர் செட்டுகளுக்குள் நாலு மணி நேரம்: லீவ்ஸ்டன் ஸ்டுடியோ விமர்சனம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனில் ஹாரி பாட்டர் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் போய் நிற்கிறார்கள். அங்கே இருப்பது சுவருக்குள் பாதி போன ஒரு தள்ளுவண்டியும் பக்கத்தில் ஒரு கடையும்தான். படமெடுத்துக்கொள்ள நல்ல இடம், அவ்வளவே. நிஜமான செட்டுகள், உடைகள், பொம்மைகள், ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளிக் கோட்டையின் சிறு மாதிரி வடிவம் எல்லாம் இருப்பது வாட்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில், லீவ்ஸ்டனில். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ டூர் என்பது அதன் பெயர்.

ராட்டினம், ரோலர் கோஸ்டர் எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. அவையெல்லாம் அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம். லீவ்ஸ்டனில் ஓடுவது, பறப்பது எதுவும் கிடையாது. நடக்க வேண்டும், நின்று பார்க்க வேண்டும். தச்சர், பெயின்டர், சுதை வேலைக்காரர், தையல்காரர் என்று படத்தின் பின்னால் இருந்தவர்களின் கைவேலையைப் பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் பணத்துக்கு நியாயம் கிடைக்கும். குழந்தைகளை ராட்டினத்தில் ஏற்றுவதுதான் நோக்கம் என்றால் இது சரிப்படாது.

இடத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மொஸ்கீட்டோ, ஹாலிஃபாக்ஸ் போர் விமானங்களைக் கட்டிய தொழிற்சாலை இது. பிறகு ரோல்ஸ் ராய்ஸ் இங்கே ஹெலிகாப்டர் இன்ஜின்கள் செய்தது. 90களில் ஆலை மூடியதும் சினிமாக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2000 முதல் 2010 வரை எட்டுப் படங்களுக்கும் இதுவே தாய்வீடு. வழக்கமாகப் படப்பிடிப்பு முடிந்த கையோடு செட்டை உடைத்துக் குப்பையில் போடுவார்கள். இங்கே அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று பத்து வருடம் அதே செட் தேவைப்பட்டதால் பலவற்றைப் பிரித்து அடுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். 2012 மார்ச் 31 அன்று கண்காட்சியாகத் திறந்தபோது போலி செய்ய வேண்டிய அவசியமே அவர்களுக்கு அதிகம் வரவில்லை.

டிக்கெட் விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். வாசலில் டிக்கெட் விற்பனை கிடையாது. தேதியோடு நுழையும் நேரத்தையும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள், சனி, ஞாயிறு எல்லாம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பெரியவர்களுக்கு 50 பவுண்டுக்கு மேல் ஆகும். 4 வயது வரை இலவசம், ஆனால் அந்தக் குழந்தைக்கும் பதிவு செய்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு வாசலில் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரடி டிக்கெட் கிடைக்காதபோது லண்டனிலிருந்து பேருந்தோடு சேர்த்து விற்கும் பேக்கேஜ்களில் இடம் இருக்கலாம். விலை கூடுதல் என்பது ஒரு பக்கம். பெரிய இடைஞ்சல், திரும்பும் நேரத்தை அவர்கள் தீர்மானிப்பது. நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு அது தோதுப்படாது.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்ஃபோர்டு ஜங்ஷனுக்கு வேக ரயிலில் சுமார் 20 நிமிடம். அதே யூஸ்டனிலிருந்து நின்று நின்று போகும் ஓவர்கிரவுண்ட் ரயிலும் உண்டு. தெரியாமல் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இன்னொரு பொறி: மெட்ரோபாலிட்டன் பாதாள ரயில் தடத்தில் ‘வாட்ஃபோர்டு’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது, ‘வாட்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட்’ என்று ஓவர்கிரவுண்ட் தடத்தில் மற்றொன்றும் இருக்கிறது. இறங்க வேண்டியது ஜங்ஷனில் மட்டும். லண்டன் போக்குவரத்தின் 1 முதல் 6 வரையான மண்டலங்களுக்கான டிராவல்கார்டு பாஸ் அங்கே செல்லாது; வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போவது எளிது. ஜங்ஷன் வாசலிலிருந்து ஸ்டுடியோ பேருந்து கால் மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே ஜங்ஷனில் இருந்தால் பதற்றமில்லை.

எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கேள்விக்கு மூன்றரை முதல் நாலு என்பதுதான் வழக்கமான பதில். பிரச்சினை மொத்த நேரத்தில் இல்லை, அதைப் பங்கிடுவதில் இருக்கிறது. முதல் கூடத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, எல்லாப் பலகையையும் படித்து, இரண்டரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, கால் கடுக்க இரண்டாம் பாதிக்குள் நுழைகிறார்கள். உண்மையில் கண்காட்சியின் உச்சம் கடைசியில்தான் இருக்கிறது. வெளிமுற்றத்துக்குப் போய்விட்டால் முதல் கூடத்துக்குத் திரும்ப வழியில்லை என்பதால் அங்கே அவசரப்படவும் கூடாதுதான். ஆனாலும் இரண்டாம் பாதிக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

சிறு குறும்படத்துக்குப் பிறகு கிரேட் ஹால், அதாவது பள்ளியின் பெரிய உணவுக்கூடத்தின் கதவு திறக்கும். 120 அடி நீளம், 40 அடி அகலம். எல்லோரும் ஆசிரியர்களின் மேசை இருக்கும் கோடிக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். அது பெயின்ட் அடித்த பலகை இல்லை, நிஜமான யார்க் கல். தயாரிப்பு வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் கிரெய்க் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு அது. அன்றைக்குக் கை கடித்த செலவு. ஆனால் பத்து வருடம் நூற்றுக்கணக்கான துணை நடிகர்களும் கேமரா வண்டிகளும் ஏறி இறங்கியும் தரை தாங்கியது. பிறகு அண்ணாந்து பாருங்கள்: கூரையே இல்லை. சுவர் ஓரிடத்தில் முடிந்து மேலே விளக்குச் சட்டங்கள்தான் தெரியும். படத்தில் பார்த்த வானம் முழுக்க கிராஃபிக்ஸ். மிதக்கும் மெழுகுவர்த்திகளை முதல் படத்துக்கு நிஜமாகவே கம்பியில் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். சுடரின் சூட்டில் கம்பி அறுந்து ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்ததும் அதையும் கணினியிடம் விட்டுவிட்டார்கள். கூடத்தில் குழுவாகத்தான் நிற்க முடியும், சில நிமிடங்களில் அடுத்த குழுவுக்கு வழிவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பள்ளி மாணவர்களைப் பிரித்திருக்கும் நான்கு இல்லங்களின் மதிப்பெண் காட்டும் கண்ணாடிக் குடுவைகளில் இருப்பது இந்தியக் கண்ணாடி மணிகள். பல்லாயிரக்கணக்கில் வாங்கியதில் இங்கிலாந்தில் அந்த மணிக்கே தட்டுப்பாடு வந்துவிட்டதாம்.

தலைமையாசிரியர் டம்பிள்டோர் அறையின் புத்தக அலமாரியை ஐந்து நிமிடமாவது பார்க்க வேண்டும். தோல் அட்டை போட்ட கனத்த நூல்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பல பழைய தொலைபேசி டைரக்டரிகள். வெட்டி, தோல் ஒட்டி, முதுகில் பொன்வரி இழுத்து, மேலே தூசி தூவியிருக்கிறார்கள். கேமரா இரண்டு நொடி கடந்து போகிற அலமாரிக்கு இத்தனை மெனக்கெடல். மாணவர் படுக்கையறையில் கட்டில்களைக் கவனியுங்கள், சிறியதாக இருக்கும். முதல் படத்துக்குப் பொடியன்களின் அளவுக்குச் செய்தது. பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், கட்டில் வளரவில்லை. பின்னால் வந்த படங்களில் காலை மடக்கிப் படுக்கச் சொல்லி, பாதம் தெரியாத கோணத்தில் கேமரா வைத்துச் சமாளித்தார்கள்.

மந்திர மருந்து ஆசிரியர் ஸ்நேப்பின் வகுப்பறைக் குடுவைகளில் கறிக்கடை எலும்பும் காய்ந்த இலைகளும் கிடக்கின்றன. ஆளை மறைக்கும் மாயப் போர்வையை விரித்துப் பார்த்தால் உள்பக்கம் பச்சைத் துணி; அந்தப் பச்சையைத்தான் பிறகு கிராஃபிக்ஸில் அழிப்பார்கள். பள்ளி அதிகாரத்தைக் கைப்பற்றும் ஆசிரியை அம்ப்ரிட்ஜ் அம்மாளின் உடைகளை வரிசையாக நிறுத்தியிருப்பது கெட்டிக்காரத்தனம். அதிகாரம் ஏற ஏற இளஞ்சிவப்பு எப்படி அடர்த்தியாகிக் கண்ணைக் குத்துகிறது என்பது ஒரே பார்வையில் பிடிபடும். ராட்சத ஆளான ஹாக்ரிடின் உருவத்துக்கு டூப் போட்டவர் மார்ட்டின் பேஃபீல்டு என்ற முன்னாள் ரக்பி வீரர். இவற்றையெல்லாம் விட, ரகசிய அறையின் பாம்புக் கதவு. அது கிராஃபிக்ஸ் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். நிஜ இயந்திரம், பாம்புகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் தாழ் திறப்பதை வடிவமைத்துக் கட்டியே எடுத்திருக்கிறார்கள்.

2017இல் சேர்ந்த தடைசெய்யப்பட்ட காடு இருட்டு, புகை, கடைசியில் ராட்சதச் சிலந்தி. சிலந்தி பயம் உள்ளவர்கள் நுழையும் முன்பே ஊழியரிடம் சொன்னால் சுற்றிப் போக வழி காட்டுவார்கள். சிறு குழந்தைகள் இங்கே வீரிட்டு அழுவது சகஜம். அதைத் தாண்டினால் 2015இல் வந்த, மாணவர்கள் பள்ளிக்கு ரயிலேறும் ஒன்பதே முக்கால் பிளாட்ஃபாரமும் ரயிலும். ஓல்டன் ஹால் என்ற பழைய நீராவி இன்ஜின், எண் 5972, சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு நிற்கிறது. புகை மட்டும் டூப்.

நடுவில் உணவகமும், கதையில் வரும் பட்டர்பியர் என்ற பானமும். மது கிடையாது, பட்டர்ஸ்காட்ச் வாசம், மேலே நுரை, நாக்கு ஒட்டும் இனிப்பு. ஆளுக்கொன்று வாங்கினால் பாதி மீதமாகும், இரண்டு பேருக்கு ஒன்று போதும். அதன் ஐஸ்கிரீம் கொஞ்சம் பரவாயில்லை. வெளிமுற்றத்தில் ஹாரி வளர்ந்த பிரிவெட் டிரைவ் வீடு, மூன்றடுக்கு ஊதா பஸ், மரப்பாலம். திறந்தவெளி என்பதால் மழைச் சட்டை கையில் இருக்கட்டும். பிற்பகல் டிக்கெட் எடுத்துக் குளிர்காலத்தில் போனால் இங்கே வரும்போது இருட்டியிருக்கும். காலை நேரத்தைப் பிடிக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

மந்திரவாதிகளின் கிரிங்காட்ஸ் வங்கி 2019இல் திறந்தது. முதல் படத்தில் வந்த வங்கி லண்டனின் ஆஸ்திரேலியா ஹவுஸ் கட்டடம். கடைசிப் படத்துக்குத்தான் செட் போட்டார்கள். பளிங்குத் தூண்களைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், நிஜப் பளிங்கே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ச் சாயத்தை மிதக்கவிட்டு, காகிதத்தை அதன்மேல் படியவிட்டு எடுத்த கோலத்தைத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தாலும் கல் நரம்பு போலவே ஓடுகிறது. பெட்டகக் காட்சிக்கு மட்டும் 38,000 ரப்பர்ப் பொக்கிஷங்கள் செய்ததில் 7,014 கோப்பைகள். நடிகர்கள் குவியலில் விழுந்து புரள வேண்டியிருந்ததால் உலோகம் கூடாது.

மந்திரவாதிகளின் கடைத்தெருவான டயகன் ஆலியில் தரை உருளைக்கல். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிறவர்கள் மெல்லத்தான் நகர முடியும். ஓலிவாண்டர் கடையில் 17,000 மந்திரக்கோல் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சீட்டு. எல்லோரும் படம் எடுக்க நடுத்தெருவில் நிற்பதால் கூட்டம் இங்கேதான் திணறும். ஒரு அலை கடந்துபோகும் வரை ஓரமாக நின்றால் அரை நிமிடத்துக்காவது தெரு காலியாகும்.

கடைசியாக, கோட்டையின் மாதிரி வடிவம். வளைவு தாண்டி உள்ளே வந்ததும் பேச்சுச் சத்தம் தானாகக் குறைகிறது. சுமார் 50 அடி விட்டம். அளவு 24க்கு 1, அதாவது ஆறடி ஆள் இதில் மூன்று அங்குலம்தான் இருப்பார். முதலில் கட்டியவர்கள் 86 பேர். எல்லோருடைய உழைப்பு நேரத்தையும் கூட்டினால் 74 ஆண்டுகள். முற்றங்கள் ஆல்னிக் கோட்டையையும் டர்ஹம் பேராலயத்தையும் பார்த்துச் செய்தவை, ஏனென்றால் முதல் படத்தில் நிஜமாகப் படம்பிடித்த இடங்கள் அவை, மாதிரியும் பொருந்த வேண்டும். பாறையில் நிஜச் சரளையும் நிஜச் செடியும். உள்ளே 2,500க்கு மேற்பட்ட ஃபைபர் ஆப்டிக் விளக்குகள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை பகல் மங்கி இரவாகும், ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரியும். பலரும் செய்கிற தவறு, மேலே நின்று ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவது. சரிவுப் பாதை மாதிரியைச் சுற்றிக் கீழ்வரை போகிறது. அடியிலிருந்து கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற கோணம்தான் படத்தில் கேமரா பிடித்த கோணம். இரண்டு சுற்று வெளிச்சம் மாறும் வரை நில்லுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாதிரியின் மேல் பனி தூவிவிடுவார்கள். அழகுதான், ஆனால் கல் வேலையின் நுணுக்கம் பாதி மறைந்துவிடும். வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற மாதங்கள்.

குழந்தைகளுக்கு முத்திரை குத்திக்கொள்ளும் சிறு பாஸ்போர்ட் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள், நுழையும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காதில் மாட்டும் வழிகாட்டிக் கருவி தனிக் கட்டணம், தமிழில் கிடையாது. அதில் பேட்டிகள் நன்றாக இருந்தாலும் ஒரு மணி நேரம் கூடும், ஏற்கெனவே சொன்ன நேரக் கணக்கு இடிக்கும். துடைப்பத்தில் பறக்கும் பச்சைத் திரைப் படத்துக்கு வரிசையில் நிற்பது இலவசம், படம் வேண்டுமென்றால் காசு.

வெளியேறும் வழி கடைக்குள் விடுகிறது. ஓர் அங்கியின் விலை ஒரு டிக்கெட்டைத் தாண்டும். நுழைவாயிலில் உள்ள கடையிலும் பெரும்பாலும் இதே சரக்குதான் என்பதால் போகும்போதே பார்த்து முடிவு செய்துவைத்தால் களைத்த காலோடு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். பில் போட்டதும் அப்படியே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள். மாலையில் ஜங்ஷன் போகிற வரிசை நீளம்.