மோட்டாருக்கு முழு மார்க், பித்தளைத் திருகுக்கு முட்டை

கார் டயருக்குக் காற்றடிக்கும் டபுள் சிலிண்டர் கம்ப்ரசர் விலை இறங்கிவிட்டதாம், வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். என்னிடம் இருப்பதும் அதே மாடல்தான். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டி ஓட்டும் வகை. ஆம்பியர், லிட்டர் கணக்கெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

குளிர்காலம் வந்தால் எங்கள் குடும்பத்துக்கு அமீரகத்தின் லிவா பாலைவனச் சோலைதான். அபுதாபியிலிருந்து மதீனத் சாயித் வழியாகத் தெற்கே இறங்கி, பேரீச்சந்தோட்டங்களைத் தாண்டி, தல் மொரீப் மணல்மேட்டுக்குப் போகும் தார்ச்சாலை. அந்தச் சாலைக்காகவே போகலாம். பள்ளங்களில் சப்கா என்கிற உப்புப் படிந்த தரை வெளேரென்று கிடக்கும். அதன் விளிம்பிலிருந்தே செம்மணல் மேடு கிளம்பும். மொரீப் சுமார் 300 மீட்டர் உயரம். பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்.

சாலையிலேயே போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கம்ப்ரசர் தேவையே இல்லை. மணலில் இறங்கினால்தான் வேலை. டயர் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ என்ற அளவிலிருந்து 15க்குக் குறைக்க வேண்டும். டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணலில் புதையாது. திரும்பித் தாரில் ஏறும்போது மறுபடி அடித்தே ஆக வேண்டும். காற்று குறைந்த டயரோடு வேகமெடுத்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடித்துவிடும். பெட்ரோல் பங்க் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம் என்பவர்கள் போகட்டும், பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் போவதில்லை.

மோட்டாரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நாலு டயரையும் மூச்சு வாங்காமல் நிரப்பும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற பம்ப் வைத்திருந்த பக்கத்து வண்டிக்காரருக்கு ஃப்யூஸ் போனபோது அவருக்கும் சேர்த்து இதுதான் அடித்துக் கொடுத்தது.

ஆனால் குழாய் நுனியில், டயர் வால்வில் திருகி மாட்ட ஒரு பித்தளைத் திருகு இருக்கிறதே, அதை வடிவமைத்தவர் ஒரு டயருக்காவது தன் கையால் காற்றடித்திருப்பாரா? காற்றை அமுக்கினால் சூடாகும், அந்தச் சூடு முழுக்க அந்தத் திருகில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் டயர் முடியும்போதே தொட முடியாது. தொடாமல் கழற்றவும் முடியாது. கடைசிப் புரி கழலும்வரை அது வால்வு முள்ளை அழுத்தி வால்வைத் திறந்தே வைத்திருப்பதால், மெதுவாகத் திருகினால் அடித்த காற்றில் 2 பிஎஸ்ஐ புஸ்ஸென்று போய்விடும். சரி என்று அவசரமாகத் திருகினால் விரல் வேகும். இப்போது 37 வரை ஏற்றிவிட்டு, சமையலறைக் கரித்துணியைச் சுற்றிக் கழற்றுகிறேன். பானட்டுக்குள் கரித்துணியைப் பார்த்து என் மனைவி சிரிக்காத பயணம் இல்லை.

போன வாரம் அந்தக் குழாய் விரிசல் விட்டது. உதிரிபாகம் கேட்டு வாங்கினேன், புதுக் குழாயிலும் அதே பித்தளைத் திருகு! நெம்புகோலைத் தட்டினால் வால்வைக் கவ்விக்கொள்கிற கிளிப் வகையைச் சாதாரண பம்புகளிலேயே வைத்துத் தருகிறார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன கேடு?

ஆக, என் பதில்: வாங்காதீர்கள், விலை இன்னும் பாதியானாலும். மோட்டாருக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, நேற்றுதான் கட்டைவிரல் கொப்பளித்தது.