ஆல்கஹால் மையில் காடு வளர்த்த நான்கு வருடங்கள்

நான் வரைவதெல்லாம் நிஜத்தில் இல்லாத காடுகள். மரத்தைவிடப் பெரிய காளான், அதன் தண்டில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் மஞ்சள் வெளிச்சம். ஊதா மலை, பச்சை நிலா, காற்றில் மிதக்கிற பூக்கள். சின்ன வயதில் கதை கேட்கும்போது மனதுக்குள் எழுந்த காடு இப்படித்தான் இருந்தது. அதை நீர்வண்ணத்தில் பல வருடம் முயன்றேன். அழகாக வந்தது, ஆனால் உயிர் வரவில்லை. நான் திட்டமிட்ட இடத்தில் திட்டமிட்ட மரம் நின்றது, அவ்வளவுதான். ஆல்கஹால் மைக்கு மாறி நான்கு வருடம் ஆகிறது. இனி விடமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அதன் குறைகளும் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் சொல்கிறேன்.

இது சாயத்தை ஆல்கஹாலில் கரைத்துச் செய்த மை. நீர் உறிஞ்சாத பரப்பில்தான் வேலை செய்யும். சாதாரண வரைதாளில் விட்டால் உள்ளே இறங்கி அப்படியே நின்றுவிடும், ஓடாது. கண்ணாடி, மெருகிட்ட டைல், உலோகத் தகடு எல்லாவற்றிலும் வரையலாம். நான் பெரும்பாலும் யூப்போ தாளில் வரைகிறேன். பெயர்தான் தாள், மரக்கூழே கிடையாது. பாலிபுரொப்பிலீனில் செய்த வழவழப்பான செயற்கைத் தாள் அது. ஒரு சொட்டு விட்டால் அது வட்டமாக விரியும், ஓரம் முதலில் காயும், காய்ந்த விளிம்பில் நிறம் கருத்து ஒரு கோடு விழும். பக்கத்தில் இன்னொரு சொட்டு விட்டால் அது முதல் சொட்டைத் தள்ளிக்கொண்டு போகும். எங்கே தள்ளும், எவ்வளவு தள்ளும் என்பது முழுவதுமாக நம் கையில் இல்லை.

இந்த ஓட்டத்துக்குக் காரணம் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை. அது குறைவாக உள்ள இடத்திலிருந்து கூடுதலாக உள்ள இடத்துக்குத் திரவம் இழுபடும். இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனி 1865-இல் தன் ஆய்வேட்டில் இதை ஆராய்ந்ததால் மரங்கோனி விளைவு என்றே பெயர். முதல் வருடம் இதெல்லாம் தெரியாமலேதான் வரைந்தேன். தெரிந்த பிறகு ஒன்று மாறியது. சொட்டை விட்டதும் குச்சியை எடுத்துக்கொண்டு அதைத் துரத்துவதை நிறுத்தினேன். ஆல்கஹால் ஆவியாகும் வரை மை தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த அரை நிமிடம் நாம் சும்மா இருந்தால் போதும், பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

ஒரு நாள் ஏரிக்கரைக் காட்சி ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். நீலமும் பச்சையும் விட்டு, தாளைச் சாய்த்து, கீழே தண்ணீர் மாதிரி ஓடவிட்டேன். இடது ஓரத்தில் சொட்டு ஒன்று தவறி விழுந்து, நீளமாக இழுத்து, மேலே வளைந்து நின்றது. பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து அதைத் துடைக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், "அத்தை, கொக்கை அழிச்சிடாதீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். கொக்குதான். வளைந்த கழுத்து, உடம்பு, தண்ணீரை ஒட்டி இரண்டு மெல்லிய கோடு. கறுப்புப் பேனாவால் ஓர் அலகும் ஒரு கண்ணும் மட்டும் வைத்தேன். நான்கு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. நான் வரைய நினைத்தது எதுவும் அதில் அந்த இடத்தில் இல்லை. அன்றிலிருந்து என் முறையே மாறிவிட்டது. முதலில் நிறத்தை ஓடவிடுவேன். காயவிட்டு, தாளை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கே மலை இருக்கிறது, எங்கே மரம் இருக்கிறது என்று தேடுவேன். கண்டுபிடித்ததை மட்டும் பேனாவால் தெளிவாக்குவேன். சில தாள் ஒரு வாரம் மேசையிலேயே கிடக்கும். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கும்.

இனி பொருள்களைப் பற்றி. ஒரு புட்டியில் சுமார் 15 மில்லி இருக்கும். பார்க்கச் சின்னதுதான், ஆனால் நன்றாக உழைக்கும். நடுத்தர அளவுப் படத்துக்கு ஒரு நிறத்தில் ஐந்தாறு சொட்டுக்கு மேல் தேவைப்படாது. ரேஞ்சர் நிறுவனத்தின் டிம் ஹோல்ட்ஸ் மைகளும் ஜாக்கார்டு நிறுவனத்தின் பின்யாட்டா மைகளும் மாறி மாறிப் பயன்படுத்துகிறேன். பின்யாட்டாவில் நிறம் அடர்த்தியாக இருக்கும், அதனால் இரவுக் காட்சிகளுக்கு அதைத்தான் எடுப்பேன். தங்க நிறத்தையும் வெள்ளையையும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், அடியில் படிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருபது நிறம் வாங்காதீர்கள். ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு இளஞ்சிவப்பு போதும். ஒரு படத்தில் மூன்று நிறத்தைத் தாண்டினால், அதுவும் பச்சையும் ஆரஞ்சும் மோதினால், சேறு மாதிரி ஒரு பழுப்பு வரும். அதைச் சரிசெய்யப் போனால் சேறு பெரிதாகும். என் முதல் ஆறு மாதப் படங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் போயின.

மையைவிட முக்கியம், அதை விரிக்கத் தனியாக விடும் ஆல்கஹாலின் செறிவு. கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70, 91, 99 சதவீதம் என்று கிடைக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று முதலில் நினைத்தேன். 70-இல் மீதி தண்ணீர். மெதுவாகக் காயும், ஓரங்கள் கலங்கி மங்கலாக வரும். 99 சட்டென்று காயும், விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்கும். எது நல்லது என்ற கேள்வியே இல்லை. பூவிதழுக்கு 99, மலையடிவாரத்து மூடுபனிக்கு 70. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் காட்டுக்குள் தூரம் வந்தது. முன்னால் இருக்கும் மரம் கூர்மையாகவும் பின்னால் இருப்பது புகை மாதிரியும் தெரிய ஆரம்பித்தது. வாசனை சேர்த்த ஆல்கஹால் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் எண்ணெய் தாளில் திட்டாக நிற்கும். விரல் எண்ணெயும் அப்படித்தான். ஒரு முறை வானம் முழுக்க அருமையாக வந்து, நடுவில் என் கட்டைவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. இப்போது கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்த பிறகுதான் தொடங்குகிறேன்.

காற்றுக்கு மூன்று கருவிகள் வைத்திருக்கிறேன். ஹேர் டிரையர் பெரிய வானத்துக்கும் ஓடையின் ஓட்டத்துக்கும். அதிக வேகத்தில் வைத்தால் மை தாளைவிட்டே பறக்கும், குறைந்த வேகமே போதும். ஸ்ட்ரா மரக்கிளைகளுக்கு. அடியில் ஒரு சொட்டு கரும்பழுப்பு விட்டு, தாளோடு ஒட்டிக் குனிந்து, சின்னதாக விட்டு விட்டு ஊத வேண்டும். ஒவ்வொரு ஊதலுக்கும் கிளை ஒரு முறை பிரியும். மூன்றாவது, கேமரா லென்ஸ் தூசி தட்டும் ரப்பர் பந்து. பூக்களுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு ஆல்கஹால், அதன் நடுவில் ஒரே சொட்டு மை, உடனே மேலிருந்து பந்தை ஒரு அழுத்து. மை எல்லாப் பக்கமும் இதழாக விரியும். காய்ந்ததும் அதே நடுவில் கொஞ்சம் சிறிதாக இன்னொன்று. நான்கைந்து அடுக்கு போனால் தாமரை மாதிரி ஒரு பூ நிற்கும். ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் அந்தக் கருத்த கோடு தானாக விழுந்திருக்கும். தூரிகையால் அவ்வளவு மெல்லிய கோட்டை என்னால் போட முடிந்ததே இல்லை.

காய்ந்த மையை மறுபடி கரைக்கலாம் என்பது இதன் பெரிய வரம். நிலா வேண்டுமா? பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி, வானத்தின் மேல் வைத்து, பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் நிறம் எழுந்து வந்துவிடும். சில நிறங்கள் தாளில் லேசாகக் கறை விட்டுப்போகும். அதனால் நிலா சுத்த வெள்ளையாக வராது. எனக்கு அந்த மங்கிய நிலாதான் பிடிக்கிறது. மின்மினிகளுக்கு, மெல்லிய தூரிகை நுனியில் ஆல்கஹால் எடுத்து, இருண்ட மரங்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வைப்பேன். ஒவ்வொரு புள்ளியும் விரிந்து, சுற்றிலும் ஒரு ஒளிவட்டத்தோடு நிற்கும்.

அதே வரம் பேனா எடுக்கும்போது சிக்கலாகும். ஆல்கஹால் மார்க்கரால் மேலே வரைந்தால் அடியில் இருக்கும் நிறம் கரையும், மார்க்கர் முனையும் கறைபடும். அக்ரிலிக் மார்க்கர், நிறமி (கரையாத நிறத்தூள்) மை உள்ள மெல்லிய பேனா, வெள்ளை ஜெல் பேனா இவைதான் சரி. ஜெல் பேனா யூப்போவில் காய நேரம் எடுக்கும். இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் வருத்தப்பட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். இந்த நிறங்கள் தங்காது. பெரும்பாலான ஆல்கஹால் மைகள் நிறமியால் அல்ல, சாயத்தால் ஆனவை. வெளிச்சம் பட்டால் வெளிறும். இது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரியவந்தது. தோழி ஒருத்திக்குக் கல்யாணப் பரிசாக ஊதா மலைக்காடு ஒன்று கொடுத்திருந்தேன். அவள் ஆசையாக ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தாள். அடுத்த வருடம் போனபோது மலை சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். ஒரே படத்தின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தேன். நடுவில் கோடு கிழித்தது போல் இரண்டு காடுகள். இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் போயிருந்தன, நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தன.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் உதவும். வெளிறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதைப் பூசுவதிலும் கவனம் வேண்டும். தூரிகையால் பூசினால் மை இழுபடும். கண்ணாடி போல் இறுகும் ரெசின் என்ற திரவத்தை நேராக ஊற்றினாலும் நிறம் நகரலாம். ஸ்பிரேயாகத்தான் அடிக்க வேண்டும். அதையும் ஈரமாக அடித்தால் அதில் உள்ள கரைப்பான் மையை இளக்கிவிடும். தள்ளி நின்று, லேசாக, காயக் காய மூன்று நான்கு முறை. முதலில் நிறத்தைப் பூட்டும் வார்னிஷ், அதன் மேல் புற ஊதாத் தடுப்பு. ரெசின் வேண்டுமென்றால் அதற்கும் பிறகுதான். இப்போது நான் பிடித்த படங்களை முடித்த அன்றே ஸ்கேன் செய்துவிடுகிறேன். சுவரில் மாட்டுவது நிறமி மையில் எடுத்த அச்சு, மூலப்படம் கோப்புக்குள் இருட்டில். யாருக்காவது மூலத்தைக் கொடுத்தால், வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

இன்னொன்று, பாதுகாப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று நிலை ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்தான். அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். விளைவு அழகாக இருக்கிறது என்று ஈர மையின் மேல் லைட்டரைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய அறையில் வரைந்த முதல் சில மாதங்கள் எனக்குத் தினமும் தலைவலி. ஜன்னல்களைத் திறந்துவைத்து, காற்று என்னைத் தாண்டி வெளியே போகும்படி மின்விசிறியை வைத்த பிறகு அது போனது. தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். ஸ்ட்ராவால் ஊதும்போது மூச்சை உள்ளே இழுப்பதற்கு முன் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அண்ணன் மகள் வந்தால் நிறம் தேர்ந்தெடுப்பது, பேனா வேலை, உருவம் கண்டுபிடிப்பது எல்லாம் அவளுடையது. ஆல்கஹால் புட்டி என் கையில்தான்.

அந்தச் சோதனைப் படத்தைத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தேன். போன வாரம் எடுத்து, வெளிறிய பாதியின் மேல் 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்துச் சாய்த்தேன். மிச்சமிருந்த நீலம் கரைந்து, மரங்களின் அடியில் மூடுபனியாக இறங்கியது. அடர்ந்த பாதியிலிருந்து கொஞ்சம் பச்சை கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. அதன் நுனியில் ஏதோ ஒரு விலங்கின் முதுகு மாதிரி தெரிகிறது. மான் என்று நான் நினைக்கிறேன். அண்ணன் மகள் ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் பார்க்கும் வரை பேனாவைத் தொடப்போவதில்லை.