ஸோர்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைடு: ஹல்ருவா இருக்கா, வெடிச்சுப் போச்சா?

ஒரு சண்டையை முடிக்கிறதுக்காகத்தான் இந்த புக்கை வாங்கினேன், அதை முதல்லயே சொல்லிடறேன். சனிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா கதை பேசி டைஸ் உருட்டி ஆடுற கேம்) ஆடுறோம், நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துறவன், புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் "நான் ஹல்ருவா நாட்டு மந்திரவாதி, பறக்குற கப்பல்ல வந்து இறங்குறேன்"னு கேரக்டர் எழுதிட்டு வந்தான், நானும் நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன். உடனே எங்க குரூப்ல நாலாவது எடிஷன் (ரூல் புக்கோட நாலாவது பதிப்பு) காலத்துலேர்ந்து ஆடுற அண்ணன் "தம்பி, அந்த நாடே 1385ல வெடிச்சுப் போச்சுப்பா"ன்னு ஆரம்பிச்சார். 1385ங்கிறது நம்ம வருஷம் இல்ல, எங்க கதை நடக்குற ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற கற்பனை உலகத்தோட கணக்கு. பையன் விக்கியைத் தொறந்தான், அண்ணன் அலமாரியைத் தொறந்தார், முக்கா மணி நேரம் போச்சு, ஒரு டைஸ் உருளல.

சரி புக்குக்கு வரேன். 2015ல டி அண்ட் டி போடுற விசார்ட்ஸ் கம்பெனி, க்ரீன் ரோனின்ங்கிற இன்னொரு கம்பெனியோட சேர்ந்து போட்டது, ஐந்தாவது எடிஷன், 160 பக்கம். கதை நடக்குற வருஷம் 1489. கடைசி மூணுல ஒரு பங்கு ரேஸ், கிளாஸ், பேக்ரவுண்டுன்னு கேரக்டரோட இனம், தொழில், பின்னணி சமாச்சாரம், அதுல பிளேட்சிங்கர்ங்கிற வாள் வீசுற மந்திரவாதி வகையும் பூமிங் பிளேடு மாதிரி கேன்ட்ரிப்பும் (சின்ன மந்திரம்) 2020ல வந்த டாஷாஸ் புக்குலயே திரும்ப வந்திருச்சு, அதுக்காக இதை வாங்க வேண்டாம்.

ஹல்ருவாவுக்கு எவ்வளவு இடம்ங்கிறீங்க? குட்டியா ஒரு என்ட்ரி, அவ்ளோதான். ஆனா அந்த குட்டி என்ட்ரிக்குள்ள பண்ணியிருக்கிற வேலை இருக்கே! ஸ்பெல்பிளேக்ங்கிற மந்திரப் பேரழிவுல அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்களாம், ஆனா அந்த ஊர் மந்திரவாதிங்க வரப்போறதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு மொத்த நாட்டையும் அபெயிர்ங்கிற இரட்டை உலகத்துக்குத் தள்ளிவிட்டுட்டாங்களாம், இப்ப பெரும்பாலும் திரும்பி வந்திருச்சாம். பழைய புக்கு பொய்னு சொல்லல பாருங்க, "நம்பிட்டு இருந்தாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தையை மாத்திட்டாங்க, அவ்ளோதான் ரெட்கான் (பழைய கதையைப் பின்னாடி மாத்திச் சொல்றது). படிச்சுக் காட்டினேன், அண்ணன் "இது கள்ளாட்டம்"னார்.

அவர் கோவத்துலயும் நியாயம் இருக்கு. இந்த உலகத்துல ரூல் மாறுறப்பல்லாம் கதையைப் புடிச்சு வளைச்சிருக்காங்க. 1989ல ரெண்டாவது எடிஷன் வந்தப்ப அசாசின் (கூலிக்குக் கொல்றவன்) கிளாசைத் தூக்கிட்டாங்க, அப்ப ஏற்கனவே உலகத்துல இருந்த அசாசின்லாம் எங்க போவான்? தெய்வங்கல்லாம் பூமிக்கு விழுந்த டைம் ஆஃப் ட்ரபிள்ஸ் சம்பவத்துல ஒருத்தன் விடாம செத்தானுங்கன்னு எழுதி கணக்கை முடிச்சாங்க. 2008ல நாலாவது எடிஷன், மேஜிக் ரூலே புதுசு, அதனால மேஜிக் தெய்வம் மிஸ்ட்ராவைக் கொன்னு, ஸ்பெல்பிளேக்னு ஒரு நீலத்தீயைக் கொளுத்தி, கதையை நூறு வருஷம் கிட்ட தள்ளி வச்சாங்க. நிறைய பேருக்குப் புடிக்கல. ஐந்தாவது எடிஷன் வர்றப்ப மிஸ்ட்ரா மறுபடி உசுரோட. சீரியல்ல ஆக்சிடென்ட்ல போன ஹீரோ திரும்பி வர மாதிரிதான்.

இதெல்லாம் பார்த்துட்டுதானோ என்னவோ 2021ல, அப்ப டி அண்ட் டி ரூல் டிசைனரா இருந்த ஜெரமி க்ராஃபோர்ட் ஒரு கோடு போட்டார்: 2014லேர்ந்து வந்த டி அண்ட் டி புக்குல இல்லாத எதையும் கேமுக்கு கேனானா (அதிகாரப்பூர்வ கதையா) எடுத்துக்க மாட்டோம்னு. அப்ப 1988லேர்ந்து வர்ற, ட்ரிஸ்ட்ங்கிற ஹீரோவோட நாவல்கள், பால்டர்ஸ் கேட் வீடியோ கேம் எல்லாமே அது அது தனி கேனான். முப்பது வருஷ நாவலைப் படிச்சுட்டு வந்து ஆடுன்னு ஒரு புதுப் பையன்கிட்ட சொல்ல முடியுமா? அதனால கோடு சரிதான்னு நான் நினைக்கிறேன். எனக்குப் பிரச்சனை கோட்டுல இல்ல, கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்குங்கிறதுல. இந்த புக்குல வாட்டர்டீப், நெவர்விண்டர், பால்டர்ஸ் கேட்னு மேற்குக் கரையை நல்லாவே எழுதியிருக்காங்க, மத்த நாட்டுக்கெல்லாம் ரேஷன்ல அளந்து ஊத்துற மாதிரி ஆளுக்குக் கொஞ்சம். பழசு எதுவும் செல்லாதுன்னு சொன்னா புதுசு அந்த எடத்தை நிரப்பணும்ல, இதுல நிரம்பல.

ஆனா ஒண்ணு ரொம்பப் புடிச்சுது. ஊரைப் பத்தி வர்ற பகுதிகளை அந்த உலகத்துல வாழுற ஆளுங்களே தன் வாயால சொல்ற மாதிரி எழுதியிருக்காங்க. தலபுராணம் சொல்ற பெரியவர் மாதிரி, அவருக்கு அவர் ஊர்தான் ஒசத்தி, பக்கத்து ஊர்க்காரன் வேற கதை சொல்லுவான். இதோட மூலம் 1987 கிரே பாக்ஸ், எட் க்ரீன்வுட் உருவாக்கின உலகத்தோட முதல் செட்டு. அதுல எல்மின்ஸ்டர்ங்கிற கிழட்டு மந்திரவாதி சொன்னதைத்தான் எழுதியிருக்கோம்ங்கிற பாவனை. கிழவனுக்குத் தெரியாதது இருக்கலாம், வேணும்னே மறைச்சதும் இருக்கலாம். செம்பியாங்கிற நாட்டை டிஎம் இஷ்டத்துக்குன்னு காலியாவே விட்டிருந்தாங்க, பின்னாடி அங்கயும் நாவல் எழுதினது வேற கதை. க்ரீன்வுட் இன்னொண்ணும் சொல்றார்: அவர் போட்ட பழைய ஒப்பந்தப்படி இந்த உலகத்தைப் பத்தி அவர் எழுதுறதும் பேசுறதும் கேனான், அச்சுல வர்ற எதாவது அதை மறுக்கிற வரைக்கும். அப்ப கம்பெனிக்கு ஒரு கோடு, உருவாக்கினவருக்கு ஒரு கோடு!

(கிரே பாக்ஸை பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட வாங்கினேன். பெட்டி ஒரு மூலை அப்பளமா நொறுங்கி வந்துச்சு, மேப் நாலும் இருக்கு, மேல வச்சு தூரம் எண்ணுற கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டுல ஒண்ணைக் காணோம். கேட்டா "முப்பது வருஷப் பெட்டி சார்"ங்கிறார்.)

புதுசா டிஎம் ஆகுறவங்க, மேற்குக் கரையிலயே கேம்பெயின் ஓட்டுறவங்க வாங்கலாம், அஞ்சுக்கு மூணு ஸ்டார். தெற்கே, கிழக்கே போறவங்க யார்கிட்டயாவது கடன் வாங்கிப் படிங்க போதும்.

எங்க டேபிள்ல என்ன ஆச்சுன்னா, ரெண்டையும் வச்சுக்கிட்டேன். பையன் பொறந்ததே அபெயிர்ல, அவன் நாடு திரும்பி வந்ததை அவன் கண்ணால பார்த்தவன். அண்ணனோட கேரக்டர் வாட்டர்டீப் காவலாளி, ஹல்ருவா செத்துப் போச்சுன்னு பாட்டி சொல்லி வளர்ந்தவர், அதனால இவனை ஃபிராடுன்னே முடிவு பண்ணிட்டார். போன வாரம் முழு செஷனும் துறைமுகத்துல நின்னு அந்தக் கப்பலுக்கு எந்த ஊர் முத்திரை, காமின்னு அதட்டிக்கிட்டே இருந்தார், பையன் காட்டின முத்திரையை மோந்து பார்த்துட்டு போலின்னுட்டார்.