விமானிப் பயிற்சி என்ற பெயரில் நாங்கள் இழந்த 4,75,000 ரூபாயும் இரண்டு தேர்வுகளும்

வடசென்னையில் பிளஸ் டூ முடித்த பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோர், எந்த ஆலோசனை மையத்திலும் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். கணக்கில் கோட்டை விட்டதைத்தான் இங்கே எழுதப் போகிறேன் என்பதால் தொழிலையும் சொல்லிவிட்டேன்.

2022ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த என் மகனுக்கு, யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதி விமானப்படைக்குப் போக வேண்டும் என்பதுதான் முதல் எண்ணமாக இருந்தது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மாடியில் இயங்கிய மையத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "படையில் சேர்ந்தால் பல ஆண்டுகளுக்கு வெளியே வர முடியாதும்மா, தம்பி முதலில் சி.பி.எல். என்ற வணிக விமானி லைசென்ஸை எடுக்கட்டும், அந்த லைசென்ஸ் கையில் இருந்தால் விமானப்படையே தனி ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஏர்லைன்ஸ் இருக்கவே இருக்கிறது" என்றார். மொத்தம் 18 லட்சம், 200 மணி நேரப் பறத்தல், வெளிமாநிலத்தில் பயிற்சி என்று கொட்டேஷனும் கொடுத்தார். மூன்று தவணைகளில் 4,75,000 ரூபாய் கட்டினோம். இரண்டாவது தவணைக்கு என் சங்கிலி அடகுக்குப் போனது.

அவர் சொன்னதில் ஒரு சிறு உண்மை இருந்ததுதான் எங்களை ஏமாற்றியது. விமானப்படை அதிகாரி பணிக்காகப் பட்டதாரிகள் எழுதும் ஏ.எஃப்.கேட் தேர்வில் பறக்கும் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24 வரை, செல்லுபடியாகும் சி.பி.எல். வைத்திருப்பவருக்கு மேல்வரம்பு 26 வரை தளர்த்தப்படுகிறது. சலுகை அவ்வளவுதான். தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை எதிலிருந்தும் விலக்குக் கிடையாது, பட்டப்படிப்பும் கட்டாயம். ஆனால் சி.பி.எல்.லுக்கு பிளஸ் டூவே போதும் என்று சொல்லி, என் மகனைக் கல்லூரியில் சேர விடாமல் தடுத்ததும் இதே மையம்தான். பட்டம் இல்லாதவனுக்கு ஏ.எஃப்.கேட் வாசலே திறக்காது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவனுடன் படித்த ஒரு பையன் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டிருந்தான். விமானப்படையின் பறக்கும் பிரிவில் கிட்டப்பார்வைக்கு இடமில்லை. சிவில் விமானத் துறையிலோ கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய பார்வை ஏற்கப்படுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சிவில் வழிதான் பொருத்தம் என்று ஒரே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அவனுக்கும் 'படை ஒதுக்கீடு' சேர்ந்த அதே திட்டத்தைத்தான் விற்றார்கள். அதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்து மாதம் வானிலை, வான்வழிச் செலுத்தல், விமான விதிகள் என்று வகுப்பு நடந்தது. நடத்தியவர் நன்றாகவே நடத்தினார் என்று மகன் இன்றும் சொல்கிறான். அதன் பிறகு, பயிற்சிப் பள்ளியில் இடம் காலியாகவில்லை என்ற ஒரே பதில்தான். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நானே அந்த வெளிமாநிலப் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்படி ஒரு மையத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார்கள். ஒன்றரை ஆண்டில் என் மகனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம், அதன் தேர்வுகளை எழுதத் தேவையான கணினி எண்கூட வாங்கப்படவில்லை. முதலில் முடித்திருக்க வேண்டிய இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையும் நடக்கவில்லை. பறந்த நேரம் பூஜ்யம். அப்போதுதான் கொட்டேஷனைக் கணக்கு ஆசிரியையாக உட்கார்ந்து படித்தேன். 200 மணி நேரத்தில் 80 மணி நேரம் சிமுலேட்டர் என்று சிறிய எழுத்தில் இருந்தது. சி.பி.எல்.லுக்கு வேண்டிய 200 மணி நேரம் விமானத்தில் பறந்த நேரம். அதில் 100 மணி நேரம் தானே விமானத் தலைவராக இருந்து பறந்திருக்க வேண்டும். முழுப் பயிற்சிக்கு 40 லட்சத்துக்கு மேல் ஆகும்போது 18 லட்சம் என்றால், பாதி வழியில் நிறுத்திவிட்டு மீதிக்குக் கை நீட்டுவதற்கான தொகை அது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிச் செலவு இதற்கும் மேல் தனி.

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. என்.டி.ஏ.வுக்கு, பயிற்சி தொடங்கும் நேரத்தில் வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். நவம்பர் 2004இல் பிறந்த என் மகன் 2022இன் இரண்டாம் தேர்வையும் 2023இன் முதல் தேர்வையும் எழுதியிருக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். தேறியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. தேறியிருந்தால் கடக்வாஸ்லாவிலுள்ள அந்த அகாடமியில் மூன்று ஆண்டும் அதன் பிறகான பறக்கும் பயிற்சியும் அரசுச் செலவில் நடந்திருக்கும். சி.பி.எல். பயிற்சிக்கு அடுத்த ஆண்டும் சேரலாம், அதற்கு அடுத்த ஆண்டும் சேரலாம். இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றை விட்டால்தான் மற்றது என்று பேசுகிறவருக்கு முன்பணத்தில்தான் கண் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். மூன்று ரசீதுகளிலும் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருந்தது. பயிற்சி என்ற சொல்லே இல்லை. கொட்டேஷன் எங்களிடம் பத்திரமாக இருந்ததால், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2024இலேயே மனு கொடுத்தோம். புகாருக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மிகாததால் மனுக் கட்டணம் இல்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வழக்கு நடப்பதால் பெயரை நான் எழுதவில்லை. பறக்கும் பயிற்சிக்கு ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது, அதில் இல்லாத எவரும் இந்தியாவில் உங்கள் பிள்ளையை சி.பி.எல்.லுக்காகப் பறக்க வைக்க முடியாது.

மகன் இப்போது பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான், முடித்ததும் ஏ.எஃப்.கேட் எழுதப் போவதாகச் சொல்கிறான். அந்த மாடியில் இப்போதும் வகுப்பு நடக்கிறது. வெளியே பலகையில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.