டி2 என்று பொறித்த மடக்குக் கத்தி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

'டி2 ஸ்டீல், 60 எச்.ஆர்.சி, துருவே பிடிக்காது, எடை வெறும் 72 கிராம்' என்று போட்டு ஒரு மடக்குக் கத்தியை ஆன்லைனில் 1,899 ரூபாய்க்கு விற்கிறார்கள். டி2 என்பது கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள கடினமான ஸ்டீல் வகை; எச்.ஆர்.சி என்பது ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவு. கறுப்புப் பூச்சு போட்ட பிளேடு, பிளேடின் அடியில் பளிச்சென்று 'டி2' என்ற பொறிப்பு, பார்வைக்கு அம்சமாக இருக்கும். நான் வாங்கினேன். அது டி2 இல்லை. பிளேடைக் கழற்றி ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் (உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இதே கத்தி, இதே படங்களோடு, வேறு வேறு கடைப் பெயர்களில் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம். தென்னையும் வாழையும். சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உரமூட்டைத் தையல் பிரிக்க, வாழையில் காய்ந்த இலை கழிக்க என்று கத்தி நாள் முழுக்கச் சட்டைப் பையிலேயே கிடக்கும். கனமாக இருந்தால் குனியும்போதெல்லாம் பையை இழுக்கும். அதனால் இலேசான கத்திதான் வேண்டும். ஆனால் இலேசான கத்தி என்றால் பிளேடும் மெல்லிசாகத்தான் இருக்கும். அரிவாளில் இரும்பு சுமாராக இருந்தாலும் அதன் கனமே பாதி வேலையைப் பார்த்துவிடும். மெல்லிய பிளேடுக்கு அந்த வசதி கிடையாது. கூர் நிற்பதும் நிற்காததும் முழுக்க ஸ்டீலையும் அதற்கு வைத்த பதத்தையும் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) பொறுத்தது. இங்கே ஏமாற்றினால் மொத்தக் கத்தியும் வீண்.

வந்த புதிதில் நன்றாகவே வெட்டியது. தொழிற்சாலையில் சாணை பிடித்த கூர் எந்த மட்டமான ஸ்டீலிலும் முதல் நாள் வெட்டத்தான் செய்யும். கொஞ்ச நாளில், 16 எம்எம் சொட்டுநீர்க் குழாயை அறுக்கும்போதே வழுக்க ஆரம்பித்தது. அது மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய். கல்லிலோ கம்பியிலோ பட்டு மழுங்கியது என்று சொல்லவே வழியில்லை. கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தால் கூர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மின்னியது. நகத்தில் மெல்ல உரசினால் ஒரு பக்கம் வழுக்கிற்று, மறுபக்கம் கொக்கி போல மாட்டிற்று. கூர் உடையவில்லை, அப்படியே ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. சரியாகப் பதம் வைத்த டி2 இந்த மாதிரி இலேசில் மடங்காது. கடினம் அதிகம் என்பதால், தவறாகக் கையாண்டால் சின்னச் சின்னதாகப் பொக்கை விழும். மடங்குகிறது என்றாலே ஸ்டீல் மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம்.

சாணைக்கல்லில் போட்டபோது சந்தேகம் இன்னும் உறுதியானது. ஒரு பக்கம் தேய்த்தால் பிசிறு எழும்பி மறுபக்கம் சாயும். திருப்பித் தேய்த்தால் இந்தப் பக்கம் சாயும். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அழுத்தம் குறைத்துத் தேய்த்தாலும் உதிரவே இல்லை. பதம் சரியில்லாத ஸ்டீலின் குணம் இது.

அப்புறம், அந்தத் 'துருவே பிடிக்காது' சமாச்சாரம். ராத்திரி எலுமிச்சை அறுத்துத் துடைக்காமல் வைத்து, பூச்சு இல்லாத கூர் ஓரத்தைக் காலையில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. விற்றவர் பின்னால் இதையே தன் பக்கச் சாட்சியாகச் சொன்னார். ஆனால் இதுதான் அவருக்கு எதிரான சாட்சி. டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம் உண்டு. கார்பனும் சுமார் 1.5 சதவீதம் இருப்பதால் அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பைடாக, அதாவது கார்பனோடு சேர்ந்த கடினத் துகள்களாக, கட்டுண்டு போகிறது. துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. அதனால் டி2 முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது. புளிப்பும் வியர்வையும் பட்டு ராத்திரி முழுக்கக் கிடந்தால் கறை பிடிக்கும், கவனிக்காவிட்டால் துருவும் வரும். 'டி2, துருவே பிடிக்காது' என்று எவராவது எழுதியிருந்தால் அந்த வரி ஒன்றே போதும், நகர்ந்துவிடுங்கள்.

எடையும் பொய். தராசில் வைத்தால் 109 கிராம்.

கோயம்புத்தூரில் டி2 என்பது கத்திப் பிரியர்கள் மட்டும் பேசுகிற ஸ்டீல் அல்ல. பிரஸ் டூல், டை, பஞ்ச் செய்கிற பட்டறைகளில் அன்றாடம் புழங்குவது. எனக்குப் பழக்கமான ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய அரத்தை எடுத்து, பிளேடின் அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கடித்தது. பொடி விழுந்தது. "60 இருந்தா அரம் வழுக்கணுங்க. இது டி2-வும் இல்ல, 60-ம் இல்ல. டெஸ்டுக்குக் குடுங்க, உங்க கையில பேப்பர் இருக்கட்டும்" என்றார்.

கொடுத்தோம். ராக்வெல் மெஷினில் 52 எச்.ஆர்.சி வந்தது. ஸ்பெக்ட்ரோவில் கார்பன் 0.32 சதவீதம், குரோமியம் 13 சதவீதச் சொச்சம், வனேடியம் இருக்கிறது என்றே சொல்ல முடியாத அளவு. டி2-வில் வனேடியம் 1 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், மாலிப்டினமும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்தக் கணக்குக்குப் பொருந்துவது 3சிஆர்13 வகை ஸ்டீல்தான். மலிவான சமையலறைக் கத்திகளில் போடுவது. சீனப் பெயரிடலில் முன்னால் வரும் எண் கார்பனையும் பின்னால் வரும் எண் குரோமியத்தையும் குறிக்கும்: 3 என்றால் 0.3 சதவீதம், 13 என்றால் 13 சதவீதம். 8சிஆர்13எம்ஓவி என்றால் கார்பன் 0.8. அது மலிவானது என்றாலும் உருப்படியான கத்தி ஸ்டீல். அதைப் போட்டு அதன் பெயரையே எழுதி விற்றிருந்தால்கூட எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஒரு விஷயம். பழைய இரும்புக் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து உலோகம் பார்ப்பார்கள். அந்த எக்ஸ்ரே கருவி குரோமியம், வனேடியம் காட்டும், கார்பனைக் காட்டாது. கார்பன் தெரிய ஸ்பெக்ட்ரோதான் வேண்டும். போலி டி2-வைப் பிடிக்க வனேடியமே போதும் என்றாலும், புகார் கொடுக்கும்போது முழு அறிக்கை கையில் இருப்பது நல்லது.

விற்றவரிடம் அறிக்கையை அனுப்பினேன். முதல் பதில், 'சார், இது சைனா டி2, அப்படித்தான் இருக்கும்.' அப்படி ஒன்று கிடையாது. சீனாவிலும் டி2-க்கு நிகரான ஸ்டீல் உண்டு, அதிலும் கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது பதில், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது. மூன்றாவது, நான் போட்ட விமர்சனத்தை எடுத்துவிட்டால் 300 ரூபாய் கூப்பன். இதற்குள் விற்பனைப் பக்கத்தில் 'டி2 ஸ்டீல்' என்பது 'டி2 டைப் ஸ்டீல்' என்று மாறிவிட்டது. பழைய பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் என் பேச்சு எடுபட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு கத்தியின் விலை திரும்ப வந்தது. டெஸ்டுக்குக் கொடுத்த காசு வரவில்லை.

இவ்வளவும் எழுதுவது 1,899 ரூபாய்க்காக இல்லை. ஸ்டீல் பெயரைப் பிளேடில் பொறிக்க லேசர் மெஷின் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பொறிக்கலாம். வாங்குகிறவர்களும் பெயரைப் பார்த்தே வாங்குகிறோம் என்பதை இவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்', 'ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்' எல்லாம் ஒன்றையும் சொல்லாத பெயர்கள். '440 ஸ்டீல்' என்று மொட்டையாகப் போட்டாலும் அப்படித்தான். 440ஏ-வில் கார்பன் 0.7 சதவீதம் அளவில், 440சி-யில் 1 சதவீதத்தை ஒட்டி. அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் நல்ல பக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். 'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோலம் தெரிகிற பிளேடுகளில் இன்னும் மோசம், பல மேலே பொறித்த வெறும் படம். கத்தியின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கு ஸ்டீல் என்றால் கோடுகள் முதுகின் மேலும் ஓடும்.

உண்மையில் சட்டைப் பைக் கத்திக்கு டி2 அவ்வளவு பொருத்தமும் இல்லை என்பதுதான் இப்போது என் கருத்து. அதன் பெரிய கார்பைடுகள் நீண்ட நாள் கூர் நிற்க உதவும், ஆனால் மெல்லிய ஓரத்தில் பொக்கை விழவும் அவையே வழி. நம் வெயிலுக்குச் சட்டைப் பை எப்போதும் ஈரம்தான், கறை வேறு. இலேசான கத்திக்கு நுண்ணிய மணியுள்ள, துரு தாங்குகிற ஸ்டீல் போதும். பிரான்ஸின் ஓப்பினெல் தன் ஸ்டெயின்லெஸ் கத்திகளுக்கு ஸ்வீடனின் 12சி27 வகை ஸ்டீலைப் போடுகிறது. அதன் எட்டாம் நம்பர் கத்தி 50 கிராமைத் தொடாது. அதே குடும்பத்தில் 14சி28என் நைட்ரஜன் சேர்த்தது, துருவை இன்னும் நன்றாகத் தாங்கும், மெல்லிசாகச் சாணை பிடித்தாலும் கூர் நிற்கும். விக்டோரினாக்ஸ் கத்திகள் 56 எச்.ஆர்.சி அளவில்தான் இருக்கின்றன. வேகமாக மழுங்கும், ஆனால் வீட்டுக் கல்லில் கொஞ்ச நேரத்தில் கூர் திரும்பிவிடும். செலவு செய்ய மனமிருந்தால் விஜி-10, எஸ்30வி என்று மேலே போகலாம். எதுவானாலும் ஸ்டீலின் பெயரோடு அதைச் செய்த கம்பெனியின் பெயர், எச்.ஆர்.சி அளவு, எடை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 'பிராண்டு இல்லை, ஃபேக்டரி நேரடி' என்றால் டி2 என்று நம்பி காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் விற்பனைப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஸ்பெக்ட்ரோவுக்குப் பிளேடைக் கொடுக்கும்போது கறுப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூச்சின் உலோகமும் கணக்கில் கலந்துவிடும்.