ஒரு பக்க மூக்கில் நாற்றமா? ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கமுன் பல் டொக்டரிடம் காட்டுங்கள்

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. பெயர் போடப்போவதில்லை.

எனக்கு வலது பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னத்தில் பாரம், அதே பக்கக் காதில் குத்து, குனிந்தால் மூக்கிலும் வாயிலும் அழுகல் மணம். சனல் பண்ணி (காசு கட்டி நம்பர் எடுத்து) காத்திருந்து உள்ளே போனால், டொக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்து, பீனிசம் என்று சொல்லி அன்டிபயோட்டிக்கும் மூக்குச் சொட்டு மருந்தும் எழுதினார். மருந்து முடிய எல்லாம் திரும்பி வந்தது. அடுத்தது இன்னும் பலமான அன்டிபயோட்டிக். காது வலிக்கிறது என்றதற்கு, காதில் ஒன்றும் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டு, காதைக் கழுவி அதற்குத் தனி பில்லும் போட்டார்கள். அப்புறம் சீடி ஸ்கேன். அதற்குப் பிறகு, "ஒப்பரேஷன்தான், திகதி எடுங்கோ".

இவ்வளவுக்கும் ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

வீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட்டை நானே வாசித்தேன். வலது கன்னச் சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கிற காற்றறை) நிரம்பியிருக்கிறது என்பதற்கு அடுத்த வரியிலேயே, மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருப்பதாக எழுதியிருந்தது. ரிப்போர்ட்டுக்குக் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதை வாசிக்க நேரமில்லை போலும்.

வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம், ஆனால் வரிசை நீளம், வெள்ளென போய்விடுங்கள். அங்கே இருந்த டொக்டர் பல்லைத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு விளக்கினார்: மேல் கடைவாய்ப் பற்களின் வேர் சைனஸின் தரைக்குக் கீழேயே இருக்கிறது, நடுவில் மெல்லிய எலும்பு மட்டும்தான். பழைய வேர்ச் சிகிச்சை செய்த பல் என்றால் நரம்பு இல்லை, அதனால் பல்லில் வலி பெரிதாகத் தெரியாமலே சீழ் மேலே ஏறலாம். காதுக் குத்துக்கும் அதுவே காரணமாம். பல், தாடை, காதின் முன்பக்கம் எல்லாவற்றுக்கும் போவது ஒரே பெரிய நரம்பின் கிளைகள். பல்லைக் கவனிக்காமல் சைனஸை மட்டும் கழுவினால் திரும்ப வரும். பல்லைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு ஒப்பரேஷன் தேவைப்படுமாம், எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சொட்டு மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஒக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைகளை ஒரு கிழமைக்கு மேல் மூக்கில் விட்டுக்கொண்டிருந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். என் மருந்துத் துண்டில் எத்தனை நாளைக்கு என்று எழுதியே இருக்கவில்லை.

எல்லோருக்கும் பல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கச் சைனஸுக்குப் பூஞ்சைக் கட்டியும் காரணமாகலாம், காது வலி தாடை மூட்டிலிருந்தும் வரலாம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குக் காது நன்றாக இருந்தும் வலி விடாமல் இருந்தால், அல்லது வாய்ப்புண் 3 கிழமையாகியும் ஆறாவிட்டால், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கண் வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் சனல் நம்பருக்காகக் காத்திருக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காசைத் திருப்பிக் கேட்டுப் போனேன். "டொக்டர் ஃபீஸ் திருப்பித் தர ஏலாது" என்று கவுன்டரில் முடித்துவிட்டார்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்க ஒரு பேரவை இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில், மருந்துத் துண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் இணைத்துத்தான் கொடுத்தேன், ஆகவே நீங்களும் ஒன்றையும் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.