குதிகாலில் 2,000 அடி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி. என் வியாதி முழுக்க அந்த ஓர் அடியில்தான் இருந்தது. வலது குதிகாலில், கொஞ்சம் உள்பக்கமாக, கூழாங்கல்லை மிதித்தது போல் சுள்ளென்று ஏறும். சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போடுவதற்குள் பாதி குறைந்துவிடும். பேருந்தில் அரை மணி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே கூழாங்கல். லண்டனில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நாள் முழுக்க நிற்கிற வேலை எனக்கு. ஒன்பது மாதம் இப்படியே ஓட்டினேன்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரைக்கும் பாதத்தின் அடியில் தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறது. அது எலும்போடு சேரும் இடத்தில் வருகிற கோளாறு இது. டாக்டர்கள் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்கிறார்கள், அம்மா குதிவாதம் என்கிறாள். அங்கே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு மாதம் சுகமாக இருந்தது, பிறகு வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்து ஷாக்வேவ், அதாவது அதிர்வலை சிகிச்சை, செய்து பார்க்கலாம் என்றார்கள். நான் விசாரித்த தனியார் இடங்களில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 பவுண்டு. ஆடி மாதம் நாலு வாரம் ஊருக்கு வர டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தது. திருச்சி உறையூரில் வீடு. பக்கத்திலேயே தில்லை நகர், அங்கே கிராஸுக்குக் கிராஸ் ஆஸ்பத்திரி. சரி, ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, சுவர் நிறைய ஓடுகிறவர்களின் படங்கள். நான் நொண்டுவதைக் கவனிப்பதற்கு முன்பே வரவேற்பில் இருந்த பெண் என் பேச்சைக் கவனித்துவிட்டார். "வெளிநாடா மேடம்? எத்தனை நாள் இருப்பீங்க?" நாலு வாரம் என்றதும் கால்குலேட்டர் வெளியே வந்தது. பத்து சிட்டிங் பேக்கேஜ், தினமும் வந்தால் பத்தே நாளில் முடித்துவிடலாம், 18,000 ரூபாய், பாதி முன்பணம். அதற்கு முன் ஓர் எக்ஸ்ரே. படத்தில் குதிகால் எலும்பின் அடியில் முள் மாதிரி ஒரு நீட்டம் தெரிந்தது. "இந்த எலும்பு வளர்ச்சியை மெஷின் உடைச்சிரும் மேடம்" என்றார் வெள்ளைக் கோட்டுப் பையன்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த எலும்பு முள்ளை ஷாக்வேவ் உடைப்பதில்லை. முள் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர், முள் இல்லாமல் வலியோடு இருப்பவர்களும் உண்டு. அதைவிட, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. குதிகாலில் ஊசி போட்டிருக்கிறாயா என்றும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இது பொறுக்காது. ஏ.டி.எம். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன். எக்ஸ்ரேவுக்குக் கொடுத்த காசு போனதுதான்.

இரண்டாவது இடத்தைத் தம்பியின் நண்பர் சொன்னார். மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை. குதிகால் வலிக்காரர்களை மாடி ஏற வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். இரண்டு கட்டில், ஒரு மெழுகு ஒத்தடத் தொட்டி, மூலையில் அந்த மெஷின். பிசியோ ஒரு சின்னப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என் காலைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். ஊசி போட்டு எத்தனை நாளாச்சு? (ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டுமாம். எனக்கு ஐந்து மாதம்.) ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? சர்க்கரை? பேஸ்மேக்கர்? கர்ப்பமா? "நாப்பத்தெட்டு ஆச்சும்மா" என்றேன். "கேட்கணும்க்கா, கேட்காம மெஷினைத் தொட மாட்டேன்" என்றார். அப்புறம் கட்டை விரலால் குதிகாலை அழுத்திக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். நான் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன். பேனாவால் அங்கே ஒரு சுழி போட்டார்.

துணைக்கு வந்த அம்மாவுக்கோ ஷாக் என்ற சொல்லே ஆகவில்லை. ஊரில் பிசியோ என்றால் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் பேச்சு. வலிக்கிற இடத்தில் பட்டையை ஒட்டிக் குறுகுறுவென்று மின்சாரம் விடுவார்கள். பெயரிலேயே ஷாக் இருந்தால் கேட்க வேண்டுமா? "கரண்டு ஷாக்கெல்லாம் என் பொண்ணுக்கு வேண்டாம்." பிசியோ சிரித்தபடி, "கரண்டு இல்லம்மா, அதிர்வு. கிட்னி கல்லை ஆபரேஷன் இல்லாம உடைக்கிறாங்கல்ல, அதோட தங்கச்சி இது" என்றார். அம்மாவுக்கு உடனே புரிந்தது. எதிர்வீட்டு மாமாவுக்கு அப்படித்தான் கல் எடுத்தார்கள்.

அந்த உறவுமுறை சரியானதுதான். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அனுப்பிய அதிர்வலையால் முதன்முதலாக உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. கல்லில் தொடங்கியது பத்தாண்டு கழித்து ஒட்டாத எலும்பு முறிவுகளுக்கும், பிறகு தோள், முழங்கை, குதிகால் என்று தசைநார் வலிகளுக்கும் வந்தது. குதிகால் வலிக்காக அமெரிக்காவில் 2000-இல் ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடுகிற நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் பேசுகிறது. பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, ஆனால் பலன் பற்றிய சான்றுகள் ஒன்றுபோல் இல்லை என்பது அதன் கருத்து. 18,000 ரூபாய்ப் பேக்கேஜ் விற்ற இடத்தில் இதையெல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்?

தில்லை நகர் மெஷின் கல் உடைக்கிற ரகம் இல்லை. அதில் அலை ஆழத்தில் ஒரே புள்ளியில் குவியும். இதைப் பரவும் அலை என்கிறார்கள். கைப்பிடிக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கிறது. கம்ப்ரஸர் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் முனையில் மோத வைக்கும், அந்த மோதல்தான் தோல் வழியாக உள்ளே இறங்குகிறது. போகப் போக வீரியம் குறையும் என்பதால் தோலுக்குக் கிட்டே இருக்கும் இடங்களுக்குத்தான் இது தோது. குதிகால் அப்படிப்பட்ட இடம்தான்.

குப்புறப் படுக்கச் சொன்னார். சுழியின் மேல் ஜெல். முதல் நூறு அடி மெதுவாக, 1.5 பார் அழுத்தத்தில். காலடியில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போலிருந்தது. "பத்துக்கு எத்தனைக்கா வலி?" நாலு. கொஞ்சம் ஏற்றினார். ஆறு. இன்னும் கொஞ்சம். ஏழு. "ஏழுல நிறுத்திக்கலாம், எட்டு வேண்டாம்." மரத்துப்போக ஊசி கிடையாதா என்று கேட்டேன். நான் வலியைச் சொன்னால்தான் முனை சரியான இடத்தில் இருப்பது அவருக்குத் தெரியுமாம், அதனால் மரக்க வைப்பதில்லை. விநாடிக்கு பத்து அடி, மொத்தம் 2,000. கணக்குப் போட்டால் மூன்றரை நிமிடம்கூட இல்லை. படுத்திருப்பவளுக்கு அது ஒரு முழுநீளப் படம். வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் தாண்டியதும் வலி தானாகக் குறைந்தது. ஏழு என்று சொன்ன இடம் நாலானது.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் ஆடிக் காற்றில் கரண்டு போய்விட்டது. இன்வெர்ட்டரில் மின்விசிறி சுற்றியது, கம்ப்ரஸர் சுற்றவில்லை. பத்து நிமிடம் கழித்து மெஷின் உயிர் பெற்றபோது திரையில் பூஜ்யம். "ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுல நின்னுச்சு. இன்னும் அறுநூத்தி அறுபது போடு" என்றாள் அம்மா. பிசியோ மறுபேச்சில்லாமல் அப்படியே போட்டார்.

அதே நாளில் அம்மா தன் தோள்பட்டையைக் காட்டி, எனக்கும் நாலு அடி போடேன் என்றாள். காசும் தருவதாகச் சொன்னாள். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனதிலிருந்து அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். பிசியோ முடியாது என்றார். உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும், வேண்டாம். அதற்குப் பதில் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அம்மாவுக்குக் கோபம். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். வாரத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு. லண்டனில் ஒரு தடவைக்கு ஆகிற காசைவிட இங்கே நாலு தடவைக்கு ஆனது குறைவு. எனக்கு யூ.பி.ஐ. கிடையாது, தம்பி போனில் போட்டுவிட்டு அவனுக்கு நோட்டாகக் கொடுத்தேன். ஊருக்கு வந்து செய்துகொள்ள நினைப்பவர்கள் நாள் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஆகாது. அடி வாங்கிய இடம் தேறிக்கொள்ள வாரம் ஒன்று வேண்டும், பலன் சரியாகத் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். நான் இறங்கிய மூன்றாம் நாளே போனதால்தான் நாலும் முடிந்தது. கடைசி நாளில் எத்தனை பார், எத்தனை அடி என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன், லண்டன் பிசியோவிடம் காட்ட.

மெஷினைவிட அதிக நேரம் எடுத்தது மற்ற சமாச்சாரம். மாடிப்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் வைத்து, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, மூன்று எண்ணி மேலே ஏறி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணிக் கீழே இறங்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள். டைக்ளோஃபினாக், புரூஃபென் போன்றவை இந்த நாலு வாரமும் வேண்டாம், தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால். மெஷின் கிளப்பிவிடுகிற ஆறுகிற வேலையை அந்த மாத்திரைகள் அமுக்கிவிடக்கூடும் என்பது காரணம். ஐஸ் ஒத்தடத்துக்கும் அதே தடை.

அப்புறம் தரை. லண்டனில் வீட்டுக்குள் கார்ப்பெட், காலில் பஞ்சுச் செருப்பு. ஊரில் வழவழவென்று டைல்ஸ், வெறுங்கால். வந்து இறங்கிய இரண்டே நாளில் வலி கூடியதற்கு விமானத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், குற்றவாளி எங்கள் வீட்டுக் கூடம். வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார் பிசியோ. மெத்தென்று கறுப்பாக இருக்குமே, சர்க்கரைக்காரர்கள் போடுவது, அதுதான். என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். அம்மா முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். அறுபது வருடமாகச் செருப்பு ஏறாத தரை. அவள் வைத்தியம் வேறு: செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலையைப் போட்டு, குதிகாலால் மிதிக்க வேண்டும். இதமாக இருந்ததை மறைக்க மாட்டேன். அடி வாங்கிய அன்றைக்கு மட்டும் வேண்டாம், சர்க்கரையால் கால் மரத்தவர்கள் எப்போதுமே வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும் என்றார் பிசியோ.

பெரிய தப்பு ஒன்று செய்தேன். மூன்றாவது தடவை முடிந்த மறுநாள் ஸ்ரீரங்கம். ஆடிக் கூட்டம், அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு முழுக்கு, அங்கிருந்து கோயில். ஒவ்வொரு பிரகாரமாகக் கருங்கல்லில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம். தாயார் சன்னதிக்குப் போகும்போது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடந்தேன். அடுத்த மூன்று நாள் வலி மறுபடி ஏழு. தலையில் கை வைத்துக்கொண்ட பிசியோ, பெருமாளை ஒன்றும் சொல்ல முடியாதே என்று என்னைத் திட்டினார். மலைக்கோட்டைக்கு இந்த முறை கீழே மாணிக்க விநாயகரோடு சரி.

ஊரை விட்டுக் கிளம்பும்போது காலை முதல் அடியின் வலி ஏழிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. இதை எழுதும்போது மூன்று மாதம் ஆகிறது, இப்போது ஒன்று, சில நாள் பூஜ்யம். அந்த 8,000 அடியாலா, படிக்கட்டில் ஏறி இறங்கியதாலா, செருப்பாலா, நாலு வாரம் கவுண்டரில் நிற்காததாலா என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. படிக்கட்டுப் பயிற்சியை இன்னும் விடவில்லை.

போன ஞாயிறு வீடியோவில் அம்மா. போனைத் தம்பி மகள் பிடித்திருந்தாள், கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தபடியே பேச்சு. போன் ஒரு கணம் கீழே சாய்ந்தது. அம்மா காலில் நான் விட்டுவிட்டு வந்த கறுப்புச் செருப்பு. நான் பார்த்துவிட்டதைக் கவனித்தவள், "சாமி ரூம் வாசலோட கழட்டிருவேன்" என்றாள்.